இரண்டேகால் அடி உயரத்தில் ஒரு வீடு

போன வாரம் நான் வேலை பார்த்த கட்டட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் சங்கரன்கோவில் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போனால் கால் தானாக ரதவீதியில் திரும்பி, அந்த மூன்று படிகளில் ஏறிவிடுகிறது. அங்கே இப்போது வேலை பார்க்கிற பெண்கள் என்னை இழுத்து உட்காரவைத்து, புதிதாக வந்திருக்கும், முகத்தில் மாட்டினால் இன்னும் கட்டாத வீடும் கண்முன் தெரியும் வி.ஆர். கண்ணாடியைக் காட்டினார்கள்.

"மேடம், இதுக்கு நாம ஒண்ணுமே சொல்ல வேண்டாம். போடுதவங்க கண்ணு தரையிலேர்ந்து எவ்வளவு உசரத்துல இருக்குன்னு அதுவே அளந்துக்கிடும். நின்னா நின்ன உசரம், உக்காந்தா உக்காந்த உசரம்" என்றாள் ஒருத்தி.

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் பயந்துபோனார்கள். "இந்தப் புத்தி அதுக்கு ஏழு வருசத்துக்கு முந்தி வந்திருக்கப்படாதாட்டி" என்றேன். என்ன கதை, என்ன கதை என்று பிடித்துக்கொண்டார்கள். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இது அதுதான்.

என் பெயர் கோமதி. எங்கள் ஊரில் தெருவில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அதனால் 'பிளான் போடுத கோமதி' என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் கட்டட வரைபடப் படிப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்த மாதமே சண்முகவேல் சாரிடம் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் அதே மேசையில் இருந்துவிட்டேன். மேசை மாறவில்லை, அதன் மேல் இருந்ததுதான் மாறியது. முதலில் வரைபலகை, பிறகு கம்ப்யூட்டர், பிறகு இந்தக் கண்ணாடி.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட இன்ஜினியர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலும் பிளேடும் எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். சீவுகிற நேரத்தை வைத்து நாங்கள் செய்த தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம். நான் சேர்ந்த முதல் வருடத்தில் என்னால் கரைந்துபோன பென்சில்களை அடுக்கினால் ஒரு கட்டு வரும்.

ஒரே ஒரு தடவை அவர் தன் மேலேயே கோபப்பட்டுப் பென்சில் சீவினார். புளியங்குடியில் ஓர் எலுமிச்சை வியாபாரிக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். பால் காய்ச்சிக் குடிபோய் ஒரு மாதம் இருக்கும். சுவரில் ஏதோ வெடிப்பு என்று பார்க்கப் போனோம். அடுக்களையில் அந்த வீட்டு அம்மா எலுமிச்சைப் பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். குள்ளமான அம்மா. அடுப்பு மேடை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"ஏம்மா, பெட்டி மேல நிக்கீங்க?" என்றார் சார்.

"எட்டல அண்ணாச்சி. இப்பப் பழகிட்டு. ஒரு நாளைக்குப் பத்து மட்டம் ஏறி இறங்குதேன், முட்டுக்கு நல்லதுதான்" என்று அந்த அம்மா சிரித்தார்.

சார் சிரிக்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பியதும் பென்சிலையும் பிளேடையும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மேடையின் உயரம் சாருக்குச் சரியான உயரம். அவர் நின்று கையை மடக்கிப் பார்த்துத்தான் எல்லா வீட்டுக்கும் அந்த அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு தடவை கூடக் குழம்பு கிண்டியதில்லை என்பது வேறு விஷயம். மறுநாள் காலையில் தையற்காரர்கள் வைத்திருக்கும் துணி டேப் ஒன்றை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

"கோமதிம்மா, இனிமே எந்த வீடா இருந்தாலும் முதல்ல நீ உள்ள போயி, அந்த வீட்டுப் பொம்பளை முழங்கை தரையிலேர்ந்து எத்தன அங்குலம்னு எடுத்துட்டு வா. அதுக்கு அப்புறந்தான் கோடு."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் அலுவலக வழக்கம். ஆண் இன்ஜினியர் முன்னறையோடு நின்றுகொள்ள, நான் அடுக்களைக்குள் போவேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் போயிருக்கிறேன், கடையநல்லூரில் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வராத கோஷா வீடுகளிலும் போயிருக்கிறேன். "வீடு கெட்ட வந்தியா, சட்டை தைக்க வந்தியா?" என்று கேலி பண்ணாத பெண் கிடையாது. கேலி பண்ணிக்கொண்டே கையை மடக்கிக் காட்டுவார்கள். அளவு எடுக்கிற ஐந்து நிமிடத்தில், அந்த வீட்டு ஆம்பிளை மூன்று நாள் பேசினாலும் சொல்லாத விஷயமெல்லாம் வெளியே வந்துவிடும். எனக்கு அந்த டேப்பின் மேல் கொஞ்சம் கர்வமே இருந்தது. அதற்குப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டு மார்க் பண்ணும் நாளில், வண்டியில் ஒரு கயிற்றுக் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு வருவார். ஏன் என்றால், சுவர் இல்லாமல் வானத்துக்குக் கீழே கோடாகப் பார்க்கும்போது எவ்வளவு பெரிய அறையும் சின்னதாகத்தான் தெரியும். குடும்பமே வந்து நின்று "இம்புட்டுதானா?" என்று முகம் வாடிவிடும். புருசனும் பெண்டாட்டியும் அந்த இடத்திலேயே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். சார் கட்டிலைக் கோட்டுக்குள் போட்டு, "படுத்துப் பாருங்க, சுத்தி நடந்து பாருங்க" என்பார். அப்புறம்தான் நம்புவார்கள்.

இப்படி ஆயுசு முழுவதும் கோட்டை வீடு என்று நம்பவைக்கப் பாடுபட்ட மனுசர், கட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் நடந்து பார்க்க ஒரு கண்ணாடி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் விடுவாரா? அறுபத்தாறு வயதில் வாங்கினார். எனக்கு ஐம்பத்தொன்று. "நீதான் படிச்சிட்டு வரணும்" என்று கோயம்புத்தூருக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். வகுப்பில் எல்லாரும் என் மகன் வயது. முதல் நாள் கண்ணாடியை மாட்டியதும் தலை சுற்றி, பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் நாள் நானே ஒரு வீட்டைச் செய்து அதற்குள் போய்வந்தேன்.

அந்தக் காலத்துக் கண்ணாடி இப்போது மாதிரி இல்லை. செல்போனைச் செருகி முகத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டி. நான் கம்ப்யூட்டரில் செய்த அறை, தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் தெரியும். தரையில் நீல வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டத்தை உற்றுப் பார்த்தால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். எங்கள் மேஸ்திரி மாட்டிக்கொண்டு, இல்லாத சுவரைத் தடவிப் பார்த்து, "பூச்சு நல்லா வந்திருக்கு" என்றார். கடையநல்லூர்க்காரர்கள் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பவர்கள். அவர்களுக்கு வீட்டுப் படத்தின் லிங்க்கைப் போனில் அனுப்புவேன், அங்கேயே ஒரு பெட்டி வாங்கி மாட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் போன் பண்ணி, "மேடம், அரை மணி நேரம் ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றார். ரெண்டடுக்குக் கட்டிலில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருப்பவர் அவர். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

இரண்டு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு வேண்டியிருக்கும். ஒன்று, அந்த மென்பொருளில் சாப்பாட்டு மேசையை எடுத்துப் போட்டால், மேசை மேல் ஒரு கிண்ணம் நிறைய ஆரஞ்சுப் பழமும் தானாக வந்துவிடும். நாங்கள் அதை எடுப்பதில்லை, அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். இரண்டாவது, பார்க்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஐந்தரை அடி என்று கம்பெனிக்காரனே போட்டு வைத்திருந்தான். நான் அந்தக் கட்டத்தைத் தொட்டதே இல்லை. டேப் பைக்குள் சுருண்டு கிடந்தது.

இப்போது செய்யது வீட்டுக்கு வருகிறேன். செய்யது கடையநல்லூர்க்காரர். பதினெட்டு வயதில் வளைகுடாவுக்குப் போனவர். பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கேதான். ஊரில் அவருக்கு இருப்பது அக்கா ஜைத்தூன் மட்டும். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் வராது. அவர்கள் இருந்த பழைய வீடு பெரியவாப்பா, அதாவது பெரியப்பா, பிள்ளைகள் பங்குக்குப் போய்விட்டது. அதை விட்டுக்கொடுப்பதற்குள் அக்காவுக்குப் புது வீடு கட்ட வேண்டும் என்று செய்யது போனிலேயே எல்லாம் பேசினார்.

"மேடம், எங்க அக்கா ராணி மாதிரி இருக்கணும். வீல்சேர் போக வரக் கதவெல்லாம் அகலமா வைங்க, வாசல்ல சரிவு போட்டிருங்க. வேலைக்கு ஒரு ஆள் வச்சிருதேன். அவ ஒரு துரும்பக்கூடத் தூக்கக் கூடாது."

அன்பான மனுசர். அவர் சொன்னபடியே செய்தேன். கதவு அகலம், சரிவு, பெரிய ஹால், பளபளக்கும் தரை. அவர் அங்கே கண்ணாடியில் பார்த்து, ஜன்னல் எல்லாம் பிரமாதம் என்று மெச்சினார். எல்லாம் போனிலேயே முடிந்ததால் கடையநல்லூருக்கு நான் போகவில்லை. 'அக்காவும் ஒரு தடவை பார்த்துரட்டும்' என்று கடைசியாகச் சொன்னார்.

எங்கள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம். ஆட்டோவில் ஜைத்தூன் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து, எங்கள் மூன்று படியையும் ஏறி வந்தார். நான் பதறிப்போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அதெல்லாம் வேண்டாங்க்கா. நாற்காலியில ஏத்துனா எனக்குச் சாமான் மாதிரி இருக்கும். கீழ உக்காந்தாத்தான் உக்காந்த மாதிரி இருக்கு" என்று சுவரோரம் உட்கார்ந்தார்.

இதை என் கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டேன். கேட்டுவிட்டு, மூளையே இல்லாதவள் மாதிரி, அதே ஐந்தரை அடி வீட்டைத் தட்டிவிட்டுக் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினேன்.

அவர் தலை மெதுவாகத் திரும்பியது. "என்ன தெரியுது ஜைத்தூன்?" என்று கேட்டேன்.

"எக்கா... நான் நிக்கேன்" என்றார்.

அந்தச் சின்னக் கட்டம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"மேசைக்கு மேல்பக்கம் தெரியுது. ஒரு கிண்ணம். ஆரஞ்சுப் பழமா வச்சிருக்கு. அடுப்பு மேடை மேல எல்லாம் தெரியுது. யா அல்லா, ஜன்னலுக்கு வெளிய மரம் முழுசா நிக்குது." குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. ஒவ்வோர் அறையாகப் போனார். மூன்று தடவை ஹாலுக்குத் திரும்பி வந்தார். நான் கண்ணாடியைக் கழற்றச் சொல்லவும் முடியாமல், பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றேன்.

அவரே கழற்றினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது நிக்கவங்க வீடுக்கா" என்றார். பிறகு கேட்டார்: "இந்த வீட்டுல எனக்குத் தாகம் எடுத்தா யாரைக் கூப்பிடணும்?"

நான் கம்ப்யூட்டர் திரையில் அந்த உயரமான அடுப்பு மேடையைப் பார்த்தேன்.

"இப்ப இருக்க வீட்டுல நான் யாரையும் கூப்பிட்டதில்ல. சமையலு, தையலு, குளிக்கது, துவைக்கது எல்லாம் நானே. அங்கன போனா ஒரு தம்ளர் தண்ணிக்கு இன்னொரு ஆளு வேணும். ஆயுசு முழுக்க."

"தம்பிகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்ல? எனக்காக வீடு கெட்டுதான். ஆசை ஆசையா ஜன்னலு கதவுன்னு பேசுதான். சொன்னா மனசு விட்டுப் போவான். நீங்களும் சொல்லிராதீங்க. அவன் போட்டபடி கெட்டட்டும், நான் இருந்துக்கிடுதேன்." வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "எக்கா, அந்தப் படத்த மட்டும் அழிச்சிராதீங்க."

ஆட்டோ போன பிறகு உள்ளே வந்தேன். சார் அவர் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கையில் பென்சில். பாதிப் பென்சில் மேசையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

"அந்தப் பிள்ளைக்கு முழங்கை எடுத்தியா கோமதிம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் அளவெடுத்தவள், மெஷின் ஒரு நம்பரைக் கொடுத்ததும் கேட்பதையே நிறுத்திவிட்டேன். சரிவு போட்டோம், கதவை அகலமாக்கினோம் என்று வேறு பெருமை!

மறுநாள் முதல் பஸ்ஸில் கடையநல்லூருக்குப் போனேன். அந்தப் பழைய வீடு ஒடுக்கமானது, வெளிச்சம் கம்மி. ஆனால் உள்ளே எல்லாமே ஜைத்தூனின் கைக்கு அடங்கி இருந்தது. அடுப்பு ஒரு சாண் திட்டின் மேல். குடத்தின் மூடியில் தம்ளர். கையால் சுற்றும் தையல் மெஷின் ஒரு பலகை மேல். சுவரில் ஆணிகள் எல்லாம் நின்றால் என் இடுப்பு உயரத்தில். தம்பி வாங்கி அனுப்பிய வீல்சேரும் மூலையில் இருந்தது. அதன் மேல் தைத்த துணிகளை மடித்து அடுக்கியிருந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. இஸ்திரி போட்ட துணி கசங்காம இருக்கு" என்று சிரித்தார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமல் தேயிலை போட்டு, இஞ்சி தட்டி, வடிகட்டி என் கையில் கொடுத்தார். பிறகு டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து முழங்கை ஒன்பது அங்குலம். கையை உயர்த்தினால் எட்டுவது மூன்றே முக்கால் அடி. கண், இரண்டேகால் அடி.

"சட்டை தைக்க நான் அளவெடுக்குத மாதிரி வீட்டுக்கு நீங்க அளவெடுக்கீங்களா? இது நல்லா இருக்கே" என்றார்.  மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன். அவர் அதற்குள், "தரை வழுக்கவும் கூடாது, கையைத் தேய்க்கவும் கூடாது, எழுதிக்கிடுங்க" என்று வேலையைச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்கு வந்து அந்தக் கட்டத்தில் ஐந்தரையை அழித்துவிட்டு இரண்டேகால் என்று போட்டேன். வீட்டில் ஒரு செங்கலைக்கூட மாற்றவில்லை. கண்ணாடியைச் சாரிடம் கொடுத்தேன்.

"தரையில உக்காந்து பாருங்க சார்."

சாருக்கு முட்டு வலி. சுவரைப் பிடித்து, மேசையைப் பிடித்து, "முருகா" என்று ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். ஹாலில் தலையைத் திருப்பினார். அடுக்களைக்குப் போனார். படுக்கையறைக்குப் போனார்.

"சுவரா இருக்கு கோமதிம்மா. எங்க பார்த்தாலும் சுவரா இருக்கு. ஜன்னல் எல்லாம் தலைக்கு மேல நிக்குது."

எழுந்திருக்க அவருக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு இதுதான்: "இதைத் தம்பிக்கு அனுப்பு. புதுப் பிளான் எதுவும் அனுப்பாத. அந்தப் பிள்ளை சொல்லக் கூடாதுன்னிருக்கு, அதனால நீ ஒண்ணும் சொல்லாத. தரையில உக்காந்து பார்க்கச் சொல்லு, போதும்."

அப்படியே அனுப்பினேன். ஒரு நாள் பதிலே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. செய்யது குரலில் எரிச்சல்.

"மேடம், லிங்க் ஏதோ தப்பா வந்திருக்கு. வீடே தெரியல. மேசைக்கு அடிப்பலகைதான் தெரியுது. அது மேல ஒரு பழக்கிண்ணம் இருந்துச்சே, எங்க போச்சு?"

"அங்கனயேதான் இருக்கு தம்பி."

"தெரியலியே."

"அக்கா உசரத்துக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் அவர் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.  

"மேடம், நான் நடக்கப் பழகுனதே அக்கா தோளைப் பிடிச்சுத்தான். உம்மா சொல்லுவாங்க. அவ தரையில இருப்பா, நானும் அவளும் ஒரே உசரம். தோளைப் பிடிச்சு நிப்பேன், அவ நகருவா, நான் கூடவே ஒரு எட்டு வைப்பேன்." குரல் உடைந்தது. "அப்புறம் நான் வளந்துட்டேன். அவ அங்கனயே இருந்தா. எனக்குத் தோணவே இல்லையே மேடம்."

நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

"அக்கா என்ன சொன்னா?"

சொல்லாதீர்கள் என்று ஜைத்தூன் சொல்லியிருந்தார். சாரைப் பார்த்தேன். சார், சொல் என்று தலையை அசைத்தார். "தாகம் எடுத்தா யாரைக் கூப்பிடணும்னு கேட்டாங்க தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று போனது என்று சொன்னால் பொய். ஜன்னலைத் தரையிலிருந்து ஓரடியில் ஆரம்பிப்பது என்று சார் சொன்னதும் செய்யது தயங்கினார். தெருவில் போகிறவன் உள்ளே பார்ப்பானே, சொந்தக்காரர்கள் கோழிக்கூடு என்று சொல்வார்களே என்றார். சார் ஜன்னல்களை எல்லாம் தெருப் பக்கமிருந்து எடுத்து, மதிலுக்குள் இருக்கும் பின்முற்றத்துப் பக்கம் திருப்பினார். சொந்தக்காரர்களுக்கு ஜைத்தூனே பதில் சொல்லிவிட்டார்: "சொல்லுதவங்களை உள்ள வந்து உக்காந்து பார்த்துட்டுச் சொல்லச் சொல்லு."

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று ஜைத்தூனை மனைக்கு அழைத்து வந்தோம். கயிற்றுக் கட்டில் கொண்டுவரவில்லை, பாய் கொண்டுவந்தோம். கோட்டு வீட்டுக்குள் அவர் இஷ்டம்போல நகர்ந்து போய்வந்தார். அடுக்களையிலிருந்து தையல் அறைக்குப் போகும்போது, வாசலைச் சுற்றிப் போகாமல் சுவர்க் கோட்டின் மேலேயே குறுக்கே போய்விட்டார். கோடு அழிந்துவிட்டது. மேஸ்திரி, "யம்மா, அது சுவரும்மா!" என்று கத்தினார். சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளை போன இடத்துலதான் வழி இருக்கு. அங்கன ஒரு கதவு போடும்வே" என்றார்.

அப்படித்தான் அந்த வீடு எழும்பியது. எந்த வாசலிலும் தாண்ட வேண்டிய நிலைப்படி கிடையாது. அடுப்பு மேடை ஒன்பது அங்குலம், குழாய் அதற்குத் தோதாக. சுவிட்சுகள் இரண்டடியில். எலெக்ட்ரீசியன் தலையில் அடித்துக்கொண்டே மாட்டினார்.

பெண்களே, உங்கள் புதுக் கண்ணாடி நல்ல கண்ணாடி. உட்கார்ந்தால் உட்கார்ந்த உயரம் காட்டுகிறது. அது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் யாருக்குத் தாகம் எடுக்கும் என்று அது கேட்காது. என் டேப் என் பழைய மேசையின் வலது பக்க இழுப்பறையில் இருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

பால் காய்ச்சுக்குச் சாரும் நானும் போயிருந்தோம். சார் நாற்காலி வேண்டாம் என்று வீம்பாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார், எழுப்புவது யார் கவலை என்று தெரியவில்லை. நான் ஜைத்தூனுக்கு ஒரு பரிசு கொண்டுபோயிருந்தேன். அந்தப் பழைய ஐந்தரை அடிப் படத்தை அவர் போனில் ஏற்றி, ஒரு கண்ணாடிப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு நின்னுட்டு வாரேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

செய்யது அப்போதுதான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். சாரை விட உயரமான ஆள். ஹாலின் நடுவில் வந்து நின்று சுற்றிலும் பார்த்தார். நிற்கிறவருக்கு அந்த வீடு விசித்திரமாகத்தான் இருக்கும். ஜன்னல்கள் எல்லாம் முழங்கால் பக்கத்தில். கண்ணுக்கு நேராக வெறும் வெள்ளைச் சுவர்.

"எக்கா, நின்னா ஒண்ணும் தெரியலியே" என்றார்.

"உக்காருலே" என்றார் ஜைத்தூன்.

அவர் அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முற்றம் முழுவதும் வெளிச்சத்தோடு உள்ளே வந்துவிட்டது. புதிதாக வைத்த எலுமிச்சைக் கன்று, அதற்கு அப்பால் மதில், அதற்கு மேல் மலை. செய்யது அக்காவின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார்.

பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கிண்ணத்தை எடுத்தார். நிறைய ஆரஞ்சுப் பழம். அதை ஓரடி உயர ஜன்னல் திட்டின் மேல் வைத்தார்.

"மேசை வாங்கலக்கா. அதான் இங்கன வச்சேன்."

ஜைத்தூன் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். கையிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். கையை நீட்டி ஒரு பழத்தை எடுத்தார். உரித்து, தம்பிக்குப் பாதி கொடுத்தார், எனக்குப் பாதி கொடுத்தார். பிறகு இன்னொரு தடவை கையை நீட்டி, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்.